விளிம்பில் நழுவி அடிப்பது: கொழிஞ்சாம்பாறை ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. ஊர் கேரளம் என்றாலும் கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் பஸ் உண்டு. இந்தப் பக்கத்தில் சண்டை விளையாட்டு ஆடும் பையன்கள் இரண்டு மாநிலத்திலிருந்தும் வந்து ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் ஒரு வீட்டு மாடியில் கூடுவார்கள். ஆடுவது ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’, 2018 டிசம்பரில் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த ஆட்டம். இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாகக் கடை விரிக்கவில்லை. ஆனாலும் இந்த ஊரில் ஸ்விட்ச் கிடைப்பது அத்தனை கஷ்டமில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்.

இந்த ஆய்வில் வருபவர் கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர். அவருடைய பாத்திரம் கேப்டன் ஃபால்கன். குழுவில் மூத்தவர் ஒருவர் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். எல்லாரும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிடுவதால் இங்கேயும் அண்ணன் என்றே எழுதுகிறேன். கூட்டங்களை ஏற்பாடு செய்பவன் என்ற முறையில் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், வீடியோக்களைச் சேர்த்து வைத்தேன்.

எட்ஜ் கேன்சல் என்பது

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த ஆட்டத்தில் குதித்து அடித்துக்கொண்டே தரையில் இறங்கினால், கால் பட்டதும் சில பிரேம்களுக்கு உடம்பு அசையாது. இதைத்தான் லேண்டிங் லேக் என்கிறோம். ஆட்டம் விநாடிக்கு 60 பிரேமில் ஓடுகிறது. ஒரு பிரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. பத்துப் பிரேம் சும்மா நின்றால் போதும், எதிரில் இருப்பவர் பிடித்துவிடுவார்.

இதே வரிசையில் 2001இல் வந்த ‘மெலீ’யில் இந்த நிற்றலைக் குறைக்க எல்-கேன்சல் இருந்தது. தரை தொடுவதற்கு முந்தைய 7 பிரேமுக்குள் ஷீல்டு (அடியைத் தடுக்கும் கவசம்) பட்டனைத் தட்டினால் லேக் பாதியாகும். அல்டிமேட்டில் அது கிடையாது. மிச்சம் இருக்கும் ஒரு வழி பிளாட்ஃபார்மின், அதாவது களத்தில் தரைக்கு மேல் மிதக்கும் சிறு மேடையின், விளிம்பு. அடித்துக்கொண்டே விளிம்புக்கு மிக அருகில், பக்கவாட்டு வேகம் குறையாமல் இறங்கினால் உடம்பு சறுக்கி விளிம்பைத் தாண்டிவிடும். காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனதும், தரையில் இறங்கியதற்கான லேக்கும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இதுதான் எட்ஜ் கேன்சல், இங்கே நழுவல் என்று எழுதுகிறேன். அந்தக் கணமே அடுத்த அடியை அடிக்கலாம், இரண்டாவது குதியையும் போடலாம்.

எதிராளி பிளாட்ஃபார்மின் மேல் ஷீல்டு பிடித்து நிற்கும்போதுதான் இதன் பலன் முழுதாகத் தெரியும். ஷீல்டை வெறுமனே விட்டுக் கீழே இறக்க மட்டும் அல்டிமேட்டில் 11 பிரேம் ஆகும். ஷீல்டிலிருந்து நேராகக் கிராப் (எதிராளியைக் கையால் பிடிப்பது) போட்டாலும் வழக்கத்தைவிட 4 பிரேம் தாமதம். ஃபால்கன் ஷீல்டின் மேல் நெயர் (நியூட்ரல் ஏர், காற்றில் அடிக்கும் இரட்டை உதை) அடித்து, நழுவி, விளிம்புக்கு வெளியே போய்விட்டால் எதிராளியின் கை வெறுங்காற்றைப் பிடிக்கும். அவர் சுதாரிப்பதற்குள் அடுத்த அடி விழும்.

முதலில் கண்டது

இளைஞர் வீட்டிலிருந்து இணையத்தில் ஆடும்போது இந்த நழுவல் நன்றாக விழுந்தது. கோவையில் இருக்கும் நண்பர்கள் அவருக்கு ‘விளிம்புக்காரன்’ என்றே பேர் வைத்திருந்தார்கள். மாடியில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடினால் மட்டும் விழவில்லை. பத்து முறை போட்டால் இரண்டு மூன்று விழும். மற்றதெல்லாம் பிளாட்ஃபார்மின் மேலேயே நின்றுபோய் அடி வாங்கும்.

“ஆன்லைன்ல கரெக்டா விழுகுதுங்ண்ணா, இங்க வந்தா மாட்டேங்குது” என்றார் அவர்.

“கை நடுங்குதாடா?” என்று அண்ணன் கேட்டார்.

“நடுங்கலைங்ண்ணா. நானே கையை வெச்சு பாத்தேன்.”

நான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பதால் பதற்றம் என்று குழுவில் பலர் சொன்னார்கள். கன்ட்ரோலரில் ஸ்டிக் தேய்ந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். கன்ட்ரோலரை மாற்றிப் பார்த்தோம், வேறுபாடு எதுவும் இல்லை. பதற்றம் என்ற விளக்கத்தில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை குறைவு. எதற்கும் பொருந்திப்போகும் பதில் அது, அதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது.

அண்ணன் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. தவறிய இறக்கங்கள் எல்லாமே ஒரே பக்கத்தில் தவறின. விளிம்பைத் தாண்டிப் போய்க் கீழே விழுந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாமே விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, எட்டாமல் நின்றவை. பதற்றமாக இருந்தால் முன்னும் பின்னும் சிதறியிருக்கும்.

காரணத்தைத் தேடியது

எட்டாமல் போவதற்கு இரண்டு காரணங்களை அண்ணன் சந்தேகித்தார். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான் என்பதால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலாவது, திரையின் தாமதம். இளைஞர் வீட்டில் இருப்பது கூடத்து டிவி. படத்தை அழகுபடுத்தும் வேலைகளையெல்லாம் செய்துவிட்டுத்தான் திரையில் காட்டும். கேம் மோட் (அந்த வேலைகளைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போடாத டிவிகளில் இப்படி 50 மில்லி விநாடிக்கு மேலும் தாமதம் சேர்வது சாதாரணம். அது 3 பிரேம். போதாததற்கு அல்டிமேட்டின் இணைய ஆட்டம், இருபக்கத்தையும் ஒத்துப்போகச் செய்ய உள்ளீட்டையே தாமதப்படுத்தும் வகை. ‘மெலீ’க்கு 2020இல் ஸ்லிப்பி என்ற மென்பொருள் வழியாக வந்த ரோல்பேக் முறை (காத்திருக்காமல் ஊகித்து ஓட்டி, ஊகம் தவறினால் திருத்திக்கொள்வது) இதில் இல்லை. ஆகவே வீட்டில் அவர் தன்னை அறியாமலேயே ஒவ்வொரு குதியையும் கொஞ்சம் முன்கூட்டியே அமுக்கப் பழகியிருந்தார். மாடியில் இருந்தது மானிட்டர், அதில் தாமதம் மிகக் குறைவு. அதே விரல் பழக்கத்தில் அமுக்கினால் குதி சீக்கிரமே கிளம்பிவிடும். ஃபால்கன் இந்த ஆட்டத்தில் ஓட்டத்தில் சோனிக்குக்கு அடுத்தவர். ஓடும்போது மூன்று பிரேம் முன்னால் குதித்தால், குதிக்கும் இடமே பின்னால் போய்விடும், இறங்கும் இடமும் அதே அளவுக்குப் பின்னால் போகும்.

இரண்டாவது, ஃபாஸ்ட் ஃபால். காற்றில் இருந்து வேகமாக இறங்க ஸ்டிக்கைக் கீழே தட்டுவார்கள். நேராகக் கீழே தட்டினால், அந்த நேரத்தில் பக்கவாட்டுத் தள்ளல் நின்றுவிடும். விரல் மறுபடி பக்கத்துக்கு வருவதற்குள் வேகம் கொஞ்சம் போய்விடும். வேகம் குறைந்தால் சறுக்கலும் குறையும்.

இதைக் கண்டுபிடிக்க, ஆட்டத்தைப் படம் பிடிக்காமல் அவருடைய கையைப் படம் பிடித்தோம். தண்ணி சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்து, கட்டைவிரல் மட்டும் தெரியும்படி. ஓட்டத்தில் விரல் வலது ஓரத்தில் இருந்தது. குதித்து, நெயரின் முதல் உதை எழும்பியதும் விரல் ஸ்டிக்கின் நடுவைக் கடந்து நேரே கீழே இறங்கியது. அங்கே கொஞ்சம் தங்கிவிட்டுத்தான் மறுபடி வலதுக்குப் போனது. அதைப் பார்த்ததும் அவரே சிரித்துவிட்டார். கீழ்-வலது மூலைக்கு விரல் சாய்ந்து போயிருந்தால் இறக்கமும் கிடைத்திருக்கும், தள்ளலும் விட்டுப்போயிருக்காது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

அண்ணன் முதலில் செய்தது திரையை ஒன்றாக்கியது. வீட்டு டிவியில் கேம் மோடைப் போடச் சொன்னார். கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் இணைய ஆட்டம் வேண்டாம் என்றும் சொன்னார். இளைஞருக்கு இது பிடிக்கவில்லை, ஏனென்றால் அவருடைய ஆட்டத் தோழர்கள் பெரும்பாலும் இணையத்தில்தான். ஆனால் செலவில்லாத மாற்றம் என்பதாலும், இரண்டு காரணத்தில் ஒன்றை முழுதாக விலக்கிப் பார்க்க முடியும் என்பதாலும் இதை முதலில் செய்தது சரி என்றே நினைக்கிறேன். செய்த பிறகு பாதிப் பிழை குறைந்தது, மீதிப் பாதி அப்படியே இருந்தது. அதாவது இரண்டு காரணமுமே உண்மை.

அடுத்து விரல். இதற்குப் பயிற்சி முறையில் வேகத்தைக் கால்வாசியாகக் குறைக்கும் வசதி இருக்கிறது. பலர் அந்த வேகத்திலேயே பழகச் சொல்வார்கள். அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. மெதுவாகப் பார்ப்பது எங்கே தவறுகிறது என்று காண்பதற்கு மட்டும், கை பழகுவது முழு வேகத்தில்தான் என்றார். மெதுவான தாளத்தில் கட்டைவிரலுக்கு நேரம் அதிகம் கிடைப்பதால் தப்பான பாதையில் போனாலும் சரியாக விழுந்துவிடும், பிழை மறைந்து கிடக்கும். எனவே முதல் கட்டமாக ஃபாஸ்ட் ஃபாலையே எடுத்துவிட்டு முழு வேகத்தில் நழுவப் பழக்கினார். பின்பு மூலைத் தட்டலாகத் திரும்பச் சேர்த்தார்.

மூன்றாவது முடிவில்தான் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. விளிம்பில் நழுவும்போது முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி. எதிராளியைக் கடந்துபோய் அந்தப் பக்க விளிம்பில் நழுவினால் எதிராளி முதுகுக்குப் பின்னால் இருப்பார், அங்கே பொருந்துவது பேக் ஏர், அதாவது காற்றில் பின்பக்கம் அடிப்பது. அவர் முன்னால் அடித்துவிட்டுப் பின்வாங்கி வந்த பக்கமே நழுவினால் முகம் அவரைப் பார்த்தபடியே இருக்கும், அப்போது மறுபடி நெயர், அல்லது துணிந்தால் முழங்கால் (காற்றில் முன்பக்கம் அடிக்கும் ஃபால்கனின் பலத்த அடி). இளைஞருக்குத் தெரிந்தது கடந்து போவது மட்டும்தான். பின்வாங்கி நழுவுவதையும் சேர்த்துக் கற்க வேண்டும் என்றார் அண்ணன். கூட்டத்துக்கு நாள் இல்லை, ஒன்றையே முழுசாகப் பிடித்துக்கொள்கிறேன் என்றார் இளைஞர்.

“ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா அவன் அதுக்கு மட்டும் காத்திருப்பான்டா.”

“அதுக்குள்ள ரெண்டு ஸ்டாக் எடுத்துருவனுங்ண்ணா.”

(ஸ்டாக் என்பது ஆட்டத்தில் ஓர் உயிர்.) கடைசியில் இளைஞர் சொன்னபடிதான் நடந்தது. காலம் குறைவாக இருக்கும்போது அரைகுறையாக இரண்டு வைத்திருப்பதைவிட உறுதியாக ஒன்று வைத்திருக்கலாம் என்பதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

இன்னொரு சிறு திருத்தமும் செய்தார்கள். அல்டிமேட் 9 பிரேம் வரை முன்னால் அமுக்கிய பட்டனை நினைவில் வைத்துக்கொள்ளும். அமுக்கியதை விடாமல் பிடித்திருந்தால் இன்னும் நெடுநேரம் வைத்திருக்கும். நழுவல் விழுந்தால் இது வரம்: முன்கூட்டியே அமுக்கிய பேக் ஏர் விளிம்பைத் தாண்டிய முதல் பிரேமிலேயே வரும். நழுவல் தவறினால் லேக் முடிந்ததும் வேண்டாத குதியோ அடியோ தானாகக் கிளம்பும். இளைஞர் பட்டனை இறுக்கிப் பிடிக்கும் பழக்கக்காரர். தட்டிவிட்டு விடச் சொன்னார் அண்ணன். தவறும்போது வாங்கும் அடியில் ஒன்று இதனால் குறைந்தது.

கூட்டத்தில் நடந்தது

ஓணம் விடுமுறையில் கூட்டம். ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னலை அடித்துக்கொண்டே இருந்தது, நீளமான மேசைகளில் திரைகள். காலையில் வந்ததும் அண்ணன் ஒவ்வொரு திரையின் அமைப்பையும் திறந்து பார்த்து, கேம் மோட் இல்லாத ஒன்றை ஓரங்கட்டச் சொன்னார். திரையைக் கொண்டுவந்தவருக்கு மனவருத்தம்தான். பிறகு மதியச் சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

முதல் செட்டுகளில் இளைஞர் சுலபமாக ஜெயித்தார். நழுவல் விழுந்தது. பேட்டில்ஃபீல்டு என்ற களத்தின் பக்கப் பிளாட்ஃபார்மில் ஷீல்டு பிடித்தவர்கள் எல்லாரும் கிராப் போட்டார்கள், காற்றைத்தான் பிடித்தார்கள்.

பிறகு பாலக்காடு நகரத்திலிருந்து வந்த மாரியோ ஆட்டக்காரர். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய செட். முதல் ஆட்டம் பேட்டில்ஃபீல்டு, இளைஞர் ஜெயித்தார். இரண்டு ஸ்டாக் நேரடியாக விளிம்பிலிருந்து வந்த பேக் ஏரில் போயின. மாரியோக்காரர் தோற்ற முகத்தோடு இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விதிப்படி ஜெயித்தவர் சில களங்களை விலக்கலாம், மீதியிலிருந்து தோற்றவர் தேர்ந்தெடுப்பார். இளைஞர் நகரும் பிளாட்ஃபார்ம் உள்ள களங்களை விலக்கினார், ஏனென்றால் அவற்றில் விளிம்பே நகர்ந்துகொண்டிருக்கும், அவர் பழகவில்லை. விலக்காமல் விட்டது ஃபைனல் டெஸ்டினேஷன். அங்கே பிளாட்ஃபார்மே கிடையாது. ஃபால்கனுக்கு ஓட இடம் நிறைய என்ற எண்ணத்தில் விட்டார். மாரியோக்காரர் நேராக அதையே எடுத்தார். ஓட இடம் இருந்தது, நழுவ இடம் இல்லை. வாரக்கணக்கில் பழகிய அடி எதற்கும் அங்கே வேலை இல்லாமல் போயிற்று. தோல்வி.

மூன்றாவது ஆட்டத்துக்கு இளைஞர் மறுபடி பேட்டில்ஃபீல்டை எடுத்தார். அதை விலக்கும் உரிமை மாரியோக்காரருக்கு இருந்தது. அவர் விலக்கவில்லை. அண்ணன் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “பார், விட்டுட்டான். ஏதோ கண்டுபிடிச்சிட்டான்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

கண்டுபிடித்தது இதுதான்: பிளாட்ஃபார்மின் மேல் நிற்கவே வேண்டாம். ஃபால்கன் குதித்ததும் மாரியோ மேலே ஷீல்டு பிடிக்காமல் இறங்கி வந்து, வெளி விளிம்புக்கு நேர் கீழே தரையில் நின்றார். இளைஞரின் விரல் பழகிய பாதையிலேயே போயிற்று. யாரையும் அடிக்காத நெயர், அழகான நழுவல், விளிம்பைத் தாண்டி நேரே மாரியோவின் தலைக்கு மேல். அங்கே அப் டில்ட் (தரையில் நின்று மேல்நோக்கி அடிப்பது) காத்திருந்தது. வேகமாக விழும் பாத்திரம் குறைந்த பெர்சென்டில் (இதுவரை வாங்கிய அடியின் கணக்கு) அப் டில்ட்டில் மாட்டினால், ஒன்றில் நிற்காது. மூன்று நான்கு முறை இதே காட்சி. நழுவல் ஒருமுறைகூடத் தவறவில்லை. செட் போயிற்று.

தோற்றவர் வரிசையில் (ஒரு செட் தோற்றவர்களுக்கான மறுவாய்ப்பு) அவருக்குக் கிடைத்த களம் ஸ்மாஷ்வில். பக்கவாட்டில் போய் வரும் ஒற்றைப் பிளாட்ஃபார்ம். ஒரு செட் ஜெயித்து, அடுத்ததில் வெளியேறினார். அந்த ஆட்டங்களில் அவர் நழுவ முயன்றது அரிது. பெரும்பாலும் மண்ணில் நின்று கிராப்பும் அடியுமாக ஆடினார், அதுவும் மோசமில்லை.

பின்னர் பார்த்தபோது

வீடியோவில் மூன்றாவது ஆட்டத்தைப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. நழுவல் லேக்கை இல்லாமல் செய்கிறது, ஆனால் இறங்கும் இடத்தை அது ஒற்றைப் புள்ளியாக்கிவிடுகிறது. பிளாட்ஃபார்மின் நடுவில் இறங்கும் ஃபால்கன் எங்கே இறங்குவார் என்று சொல்ல முடியாது. நழுவும் ஃபால்கன் எங்கே வெளியே வருவார் என்பது மேலே கிளம்பும்போதே தெரியும். எதிராளி மேலே ஷீல்டுக்குள் மாட்டியிருக்கும் வரை தெரிந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கீழே சுதந்திரமாக நிற்பவருக்கோ அது முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி.

எனவே இந்த அடியின் பாதுகாப்பு விரலில் இல்லை. எதிராளி எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது. ஆன்லைனிலும் மாடியிலும் இது தெரியவராததற்குக் காரணம், அங்கே எதிரில் ஆடியவர்கள் பிளாட்ஃபார்மில் ஷீல்டு பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள். இதில் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நழுவலை அடிப்படையாகக் கற்றதே அதிக முதலீடு என்கிறார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் மாரியோக்காரர் மேலே நிற்க மறுத்ததே ஃபால்கனுக்குக் கிடைத்த இடம். பிளாட்ஃபார்ம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அங்கே நிதானமாக இறங்கி நிற்கலாம், கீழே காத்திருப்பவரின் அப் டில்ட்டை வெளியே வரவழைத்துவிட்டு அதற்கப்புறம் இறங்கலாம். அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

இனி மாறுவது

குழுவில் சில ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. குதித்த பின்பு முடிவெடுக்கும் பழக்கத்தை இளைஞர் இப்போது பழகுகிறார். நெயரின் முதல் உதை ஷீல்டில் பட்டதா இல்லையா என்பதைப் பார்த்த பிறகே விளிம்புக்குத் தள்ளுவது. படவில்லை என்றால் இரண்டாவது குதியைப் போட்டுத் திரும்புவது, அல்லது உள்ளே இழுத்து நடுவில் இறங்கிவிடுவது. அண்ணனோ வேறொருவரோ பயிற்சிக்கு எதிரில் உட்காரும்போது, அவர் சில சமயம் மேலே ஷீல்டு பிடிப்பார், சில சமயம் கீழே இறங்கி நிற்பார். எதைச் செய்யப்போகிறார் என்று சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் விரல் பழைய பாதையில்தான் போனது. இப்போது பெரும்பாலும் சரியாகப் பிரிகிறது.

பின்வாங்கி நழுவுவதையும் தொடங்கியிருக்கிறார். அது இன்னும் பாதிக்கு மேல் விழவில்லை. காற்றில் திசையை மாற்றியதும் வேகம் திரும்ப ஏறுவதற்குள் விளிம்பு வந்துவிடுகிறது.

களங்களை விலக்கும்போது முதலில் ஃபைனல் டெஸ்டினேஷன். ஸ்மாஷ்வில் இனி விலக்கில் இல்லை, அதை ஆடியே பழக வேண்டும் என்பது இளைஞரின் முடிவு. பிளாட்ஃபார்ம் எதிர்ப்பக்கம் நகரும்போது விளிம்பு கிட்ட வருகிறது, அதே பக்கம் நகரும்போது விலகிப்போகிறது. ஆகவே குதிக்கும் இடத்தை அதன் போக்கைப் பார்த்து மாற்ற வேண்டும். இதற்கான வீடியோக்களை இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம், முடிவாகச் சொல்ல எதுவும் இல்லை.

கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு திரைக்கும் கேம் மோட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வாங்குவதை அழைப்பிலேயே எழுதிவிட்டேன். அடுத்த கூட்டம் பொங்கல் விடுமுறையில் பொள்ளாச்சிப் பக்கம். மாரியோக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.